ஜாசாய் பன்றிக்கறி நூடுல்ஸ் சூப்: வீட்டில் செய்வது எப்படி

ஷாங்காயிலும் தைவானிலும் சாதாரண நூடுல்ஸ் கடைகளின் விலைப்பட்டியலில் அநேகமாகத் தவறாமல் இருக்கும் கிண்ணம் இது. தெளிந்த சூப், அதில் கோதுமை நூடுல்ஸ், மேலே மெல்லிசாக அரிந்து வதக்கிய பன்றிக்கறியும் ஜாசாயும் ஒரு கரண்டி. ஜாசாய் என்பது உப்பும் மிளகாயும் சேர்த்து ஊறவைத்த கடுகுத் தண்டு. இது விருந்துச் சமையல் இல்லை. வேலை முடிந்து தாமதமாக வீட்டுக்கு வந்தவர் தனக்கென்று செய்துகொள்ளும் வகை. எலும்புச் சூப் கையில் இருந்தால், கறியை ஃப்ரீசரில் விறைக்க வைக்கும் நேரம் போக, கறி ஊறும் நேரத்தையும் சேர்த்து 40 நிமிடத்தில் முடிந்துவிடும்.

முதல் தடவை செய்கிறவர்களுக்கு இது கெட்டுப்போவது பெரும்பாலும் உப்பால்தான். ஜாசாயில் உப்பு, சோயா சாஸில் உப்பு, கடையில் வாங்கிய சூப்புக் கட்டியில் உப்பு, போதாக்குறைக்குக் கை தானாக எடுத்துப் போடும் உப்பு. நான்கும் கூடினால் வாயில் வைக்க முடியாது. ஆகவே உப்பு டப்பாவை முதலிலேயே அடுப்படியிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். இந்தச் சமையலில் உப்பு போடுகிற வேலை ஜாசாயினுடையது. நம்முடைய வேலை அது எவ்வளவு போடுகிறது என்பதைக் கட்டுக்குள் வைப்பது மட்டுமே.

இரண்டு கிண்ணத்துக்குத் தேவையானவை

- எலும்பில்லாத பன்றிக்கறி, முதுகுப் பகுதி: 150 கிராம்
- ஜாசாய்: 80 கிராம்
- நூடுல்ஸ்: ஃப்ரெஷ் என்றால் 250 கிராம், காய்ந்தது என்றால் 180 கிராம்
- உப்பு போடாத எலும்புச் சூப்: 800 மி.லி.
- லைட் சோயா சாஸ்: 3 டீஸ்பூன்
- ஷாவ்ஷிங் ஒயின் (சமையலுக்கான சீன அரிசி ஒயின்): 2 டீஸ்பூன்
- கார்ன்ஃப்ளார்: 1 டீஸ்பூன்
- சர்க்கரை: அரை டீஸ்பூன்
- வெள்ளை மிளகுத் தூள்: கால் டீஸ்பூன்
- இஞ்சி: 4 மெல்லிய வில்லைகள்
- வெங்காயத்தாள்: 3
- வாசனை இல்லாத எண்ணெய்: 2 டேபிள்ஸ்பூன், கறியில் பிசிற இன்னும் 1 டீஸ்பூன்
- பன்றிக் கொழுப்பு உருக்கியது: 1 டீஸ்பூன் (இருந்தால்)
- வறுத்த எள்ளில் ஆட்டிய சீன எள்ளெண்ணெய்: அரை டீஸ்பூன்
- பாக் சோய் அல்லது வேறு கீரை: ஒரு கைப்பிடி

ஜாசாய்: எதை வாங்குவது, எப்படி உப்பை இறக்குவது

கடுகுச் செடியில் ஒரு வகைக்குத் தண்டின் அடிப்பகுதி கைமுட்டி அளவுக்கு முடிச்சு முடிச்சாகப் புடைத்து வளரும். அந்தத் தண்டுதான் ஜாசாய் ஆகிறது. இதற்குப் பேர்போன ஊர் யாங்சி ஆற்றங்கரையில் இருக்கும் ஃபூலிங். 1898இல் அங்கே சியூ ஷௌ ஆன் என்பவரின் வீட்டில் இது முதலில் தயாரிக்கப்பட்டதாகச் சொல்வார்கள். தண்டுகளைக் கோத்து ஆற்றுக்காற்றில் தொங்கவிட்டு வாடவைப்பார்கள். பிறகு உப்பிட்டு, பாரம் வைத்து நீரைப் பிழிந்து, மிளகாய்த்தூளும் மசாலாத்தூளும் கலந்து, மண்ஜாடியில் அழுத்தி அடைத்துப் புளிக்க விடுவார்கள். காற்றும் பாரமும் நீரை எடுத்துவிடுவதால்தான் அத்தனை நாள் ஊறியும் தண்டு நறுக்கென்று இருக்கிறது. ஃபூலிங் இன்று சோங்கிங் மாநகரத்தில் இருக்கிறது. 1997இல் சோங்கிங் தனியாகப் பிரியும்வரை அது சிச்சுவான் மாகாணத்தைச் சேர்ந்தது. அதனால் பாக்கெட்டில் சிச்சுவான் வெஜிடபிள் என்று போட்டிருந்தாலும் இதே பொருள்தான். செஜியாங் மாகாணத்து யூயாவிலும் ஜாசாய் தயாராகிறது. அதில் மிளகாய் குறைவு.

கடையில் இரண்டு வடிவத்தில் கிடைக்கும். ஒன்று, அரிந்து அலுமினியப் பையில் அடைத்தது. பை ஒன்று 70, 80 கிராம் இருக்கும். சிங்கப்பூர், மலேசியாவில் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் இருக்கும். மற்ற ஊர்களில் சீன, கொரிய மளிகைக் கடைகளில் தேட வேண்டும். இன்னொன்று, மிளகாய் விழுது அப்பிய முழுத் தண்டு, எடை போட்டோ டின்னில் அடைத்தோ விற்பது. மணமும் கடிபடும் தன்மையும் முழுத் தண்டில்தான் அதிகம். புதிதாகச் செய்கிறவர்கள் பையிலேயே தொடங்கலாம், தப்பில்லை. பையில் எண்ணெய், சர்க்கரை, அஜினமோட்டோ எல்லாம் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். ஆகவே இனிப்பும் சுவையூட்டியும் மேற்கொண்டு போடுவதாக இருந்தால் ருசி பார்த்துப் போடுங்கள்.

பை ஜாசாயை வடிகட்டியில் கொட்டி, குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு அலசி, கையால் இறுக்கிப் பிழிந்தால் போதும். முழுத் தண்டு என்றால் மேலே அப்பியிருக்கும் மிளகாயைக் கழுவி, நார் இருந்தால் சீவிவிட்டு, 2 மி.மீ. கனத்தில் வில்லைகளாக அரியுங்கள். நாலைந்து வில்லைகளை அடுக்கித் தீக்குச்சிக் கனத்துக்குக் குறுக்கே அரிய வேண்டும். அரிந்ததைக் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் போட்டு, நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். முழுசாக ஊறவைத்தால் நடுவில் இருக்கும் உப்பு அப்படியே இருக்கும், அரிந்த பிறகு ஊறவைப்பதே சரி.

எப்போது நிறுத்துவது என்பதற்குக் கடிகாரத்தை விட நாக்கு நம்பகமானது. ஒரு துண்டைத் தனியாக மென்று பாருங்கள். உப்பு தூக்கலாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் முகம் சுளிக்காமல் விழுங்க முடிய வேண்டும். அதற்குமேல் ஊறவைத்தால் புளிப்பும் மணமும் தண்ணீரோடு போய்விடும், மிஞ்சுவது வெறும் சக்கை. இதை மட்டும் சரியாகப் பிடித்துவிட்டால் பாதிச் சமையல் முடிந்தமாதிரி.

பிழிவதைச் சோம்பலில் விட்டுவிட வேண்டாம். ஈரத்தோடு வாணலியில் போட்டால் ஜாசாய் வதங்காது, வேகும். வெந்த ஜாசாய் துவண்டுவிடும்.

கறி: அரிவதும் பிசிறுவதும்

முதுகெலும்பை ஒட்டிய, கொழுப்பு அதிகம் இல்லாத துண்டு வாங்குங்கள். கடைக்காரரிடம் லாயின் என்றோ டெண்டர்லாயின் என்றோ கேட்கலாம். தொடைக்கறியும் ஆகும், சவ்வை எடுத்துவிட வேண்டும். வயிற்றுப் பகுதி வேண்டாம். கொழுப்பு உருகிச் சூப்பின் மேல் மிதந்து, கிண்ணம் கனத்துப்போகும்.

கறியை ஃப்ரீசரில் 30 முதல் 40 நிமிடம் வையுங்கள். கல்லாக உறையக்கூடாது, விரலால் அழுத்தினால் மேல்தோல் விறைப்பாக இருக்கும் பதம். அப்போது கத்தி வழுக்காமல் ஒரே கனத்தில் அரிய வரும். முதலில் 3 மி.மீ. வில்லைகள், பிறகு அவற்றை 3 மி.மீ. கனத்தில் 6 செ.மீ. நீளக் குச்சிகள்.

அரியும் திசையைக் கவனியுங்கள். மாட்டுக்கறியைத் தசைநாருக்குக் குறுக்கே அரிவது, பன்றிக்கறியை நாரின் போக்கிலேயே அரிவது என்பது சீனச் சமையலறைகளில் பொதுவான வழக்கம். பன்றியின் முதுகுத்தசை இயல்பாகவே மிருது. நாருக்குக் குறுக்கே இவ்வளவு மெல்லிசாக அரிந்தால் வாணலியில் கிளறும்போதே உடைந்து கொத்துக்கறி ஆகிவிடும். நாரின் போக்கில் அரிந்தால் குச்சி குச்சியாக நிற்கும், கடிக்கவும் இதமாக இருக்கும்.

பிசிறுவதில் வரிசை உண்டு. கறியில் லைட் சோயா சாஸ் 1 டீஸ்பூன், ஷாவ்ஷிங் ஒயின் 1 டீஸ்பூன், ஒரு சிட்டிகை வெள்ளை மிளகுத் தூள் போட்டுக் கலக்குங்கள். அடுத்துத் தண்ணீர் 1 டேபிள்ஸ்பூன். ஒரே திசையில் கையால் சுழற்றிக்கொண்டே இருந்தால் ஒரு நிமிடத்தில் கறி அதைக் குடித்துவிடும். கிண்ணத்தின் அடியில் நீர் தேங்காமல், கறி கையில் ஒட்டுகிற பதம் வந்ததும் கார்ன்ஃப்ளார் 1 டீஸ்பூன் தூவிக் கலக்கவும். கடைசியில் எண்ணெய் 1 டீஸ்பூன். மூடி 15 நிமிடம் வைக்கவும்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. மெலிந்த கறி சூடு பட்டதும் சுருங்கித் தன் நீரைக் கக்கிவிடும். முதலிலேயே நீரை ஊட்டி, அதன்மேல் மாவைப் பூசினால், சூட்டில் மாவு வெந்து மெல்லிய உறையாகி நீரை உள்ளே பிடித்து வைக்கும். எண்ணெய் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். மாவை முதலில் போட்டுவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றினால் நீர் கறிக்குள் போகாமல் கூழாக வெளியே நிற்கும். மாவு இரண்டு டீஸ்பூன் ஆனால் வாணலியில் பசைபோலப் பிடிக்கும், சூப்பும் வழவழக்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்க்கிறவர்களும் உண்டு, இந்த அளவுக் கறிக்கு அது தேவையில்லை.

பச்சைக்கறி அரிந்த பலகையும் கத்தியும் வெங்காயத்தாள் அரிவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவப்பட வேண்டும். வெங்காயத்தாளைக் கடைசியில் பச்சையாகத் தூவப்போகிறோம்.

சாஸ், ஒயின், எண்ணெய்

லைட் சோயா சாஸ் உப்புக்கும் மணத்துக்கும், டார்க் நிறத்துக்கு. இந்தச் சூப்புக்கு டார்க் வேண்டாம். கிண்ணம் கறுத்து, கருகல் இனிப்பு ஒன்று நாக்கில் நிற்கும். இந்தியாவில் பல கடைகளில் டார்க் மட்டும்தான் அலமாரியில் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். ஷாவ்ஷிங் ஒயின் கிடைக்காவிட்டால் இனிப்பில்லாத ஷெர்ரி. அதுவும் இல்லையென்றால் கறியில் அரை டீஸ்பூன் இஞ்சிச்சாறு, வாணலியில் ஒன்றும் வேண்டாம். வினிகரை அதன் இடத்தில் ஊற்றாதீர்கள், அது வேறு வேலை செய்யும். சீன எள்ளெண்ணெய் எள்ளைக் கருக வறுத்து எடுப்பது, நிறமும் மணமும் அடர்த்தி. நல்லெண்ணெய் அதற்கு ஈடாகாது. இல்லையென்றால் விட்டுவிடலாம்.

நூடுல்ஸ்

ஷாங்காய்ப் பக்கம் இதற்குப் போடுவது மெல்லிய வெள்ளைக் கோதுமை நூடுல்ஸ். சோங்கிங் பக்கம் காரநீர் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா உப்புபோன்ற காரம் கரைத்த நீர்) சேர்த்த மஞ்சள் சாயல் நூடுல்ஸ், கொஞ்சம் விறைப்பு. இரண்டும் இந்தச் சூப்புக்குச் சேரும். ஃப்ரெஷ் நூடுல்ஸ் கிடைக்காத ஊரில் கட்டுக்கட்டாக விற்கும் காய்ந்த நேர்நூடுல்ஸ் நல்ல மாற்று. ஹக்கா நூடுல்ஸ் பாக்கெட்டும் பரவாயில்லை. மசாலாப் பொட்டலத்தோடு வரும் உடனடி நூடுல்ஸ் வேண்டாம். எண்ணெயில் பொரித்தது அது, சூப்பின் தெளிவும் ருசியும் கெடும்.

எதுவுமே கிடைக்கவில்லையா, மைதாவில் நீங்களே செய்யலாம். மைதா 200 கிராம், உப்பு 2 கிராம், தண்ணீர் 90 மி.லி. தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைந்தால் முதலில் உதிரியாகத்தான் சேரும். சப்பாத்தி மாவு பதத்துக்குப் பழகிய கை இன்னும் தண்ணீர் கேட்கும், ஊற்றக்கூடாது. ஈரத்துணி மூடி 30 நிமிடம் விட்டுப் பிசைந்தால் மாவு தானாக வழவழப்பாகும். இன்னொரு 20 நிமிடம் விட்டு, 2 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, கார்ன்ஃப்ளார் தூவி மடித்து, 3 மி.மீ. அகலத்தில் அரிந்து உதறி வையுங்கள். தளர்ந்த மாவில் அரிந்த நூடுல்ஸ் மடிப்பிலேயே ஒட்டிக்கொள்ளும், கொதிநீரில் களியாகவும் ஆகும்.

சூப்

பன்றியின் கால் எலும்போ முதுகெலும்போ 1 கிலோ. கோழி எலும்பும் கொஞ்சம் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். எலும்பைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடவும். சாம்பல் நிற நுரை திரண்டு வந்து ஐந்து நிமிடம் கொதித்ததும் அந்தத் தண்ணீரை முழுதாகக் கொட்டிவிட்டு எலும்பைக் கழுவுங்கள். கொதிநீரில் நேராகப் போட்டால் மேல்பகுதி உடனே வெந்து இறுகி, உள்ளே இருக்கும் இரத்தம் பிறகு மெல்ல மெல்லக் கசிந்து சூப்பைக் கலக்கும்.

கழுவிய எலும்பு, புதிதாக இரண்டரை லிட்டர் தண்ணீர், இஞ்சி நான்கு வில்லை, வெங்காயத்தாள் இரண்டு. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மேலே ஓரிரு குமிழி மட்டும் வந்துகொண்டிருக்கும்படி 2 மணி நேரம். கொதபுதவென்று கொதித்தால் கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து கலந்து சூப் பால்போல வெளுத்துவிடும். வேறு நூடுல்ஸ்களுக்கு அது வேண்டும், இதற்கு வேண்டாம். பிரஷர் குக்கர் இருந்தால் தண்ணீரை 2 லிட்டராகக் குறைத்து, ஆவி பிடித்தபின் சிறுதீயில் 40 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால் உள்ளே ஒரேயடியாகக் கொதித்துக் கலங்கிவிடும்.

உப்பு போடாதீர்கள். வடிகட்டி, வேண்டிய அளவு போக மீதியை 400 மி.லி. டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்தால், ஒரு டப்பா ஒரு கிண்ணம்.

எலும்புச் சூப் இல்லாத நாளில் சூப்புக் கட்டியைக் கரைத்துச் செய்யலாம். அப்போது பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதிதான். கிண்ணத்தில் ஊற்றும் சோயா சாஸும் பாதி.

கணக்கு இதுதான். 400 மி.லி. சூப்புக்கு மொத்தம் 3 கிராம் உப்பு இருந்தால் நாக்குக்கு இதம். ஒரு டீஸ்பூன் லைட் சோயா சாஸிலேயே ஏறக்குறைய 1 கிராம் இருக்கிறது. கறியில் பிசிறிய சாஸிலும் கொஞ்சம் உண்டு. மீதியை ஜாசாய் கொண்டுவந்து சேர்க்கும்.

அடுப்பில்

வாணலியைப் பற்றவைக்கும் முன் ஒரு அடுப்பில் நூடுல்ஸுக்கு 2 லிட்டர் தண்ணீர், இன்னொன்றில் சூப். இரண்டும் சூடாகிக்கொண்டே இருக்கட்டும். நூடுல்ஸைச் சூப்பிலேயே வேகவைத்தால் பாத்திரம் ஒன்று மிச்சமாகும்தான், ஆனால் மாவு கரைந்து சூப் கஞ்சியாகிவிடும்.

1. இரும்பு வாணலியை லேசாகப் புகை கிளம்பும்வரை வெறுமனே சூடாக்குங்கள். ஒன்றரை டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றிச் சுழற்றி, உடனே கறியைப் போட வேண்டும். வாணலி சூடாக, எண்ணெய் இன்னும் கொதிக்காமல் இருப்பதே கறி அடிபிடிக்காத பதம். நான்ஸ்டிக் என்றால் வெறும் வாணலியைக் காயவிடாதீர்கள், எண்ணெயோடு சேர்த்தே மிதமாகச் சூடாக்குங்கள்.

2. கறியைப் பரப்பிவிட்டு 15 விநாடி தொடாமல் இருங்கள். மாவு உறை இறுகினதும் தானாக அடியை விட்டு வரும். அதற்குமுன் கிண்டினால் உறை பிய்ந்து வாணலியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சாப்ஸ்டிக்காலோ கரண்டி முனையாலோ பிரித்துவிட்டு ஒரு நிமிடம் கிளறவும். பெரும்பகுதி வெளுத்து, அங்கங்கே மட்டும் இளஞ்சிவப்பு தெரியும்போது தட்டில் எடுத்துவிடுங்கள். திரும்ப வாணலிக்கு வரும்போது முழுதாக வெந்துவிடும்.

3. மீதி எண்ணெயை ஊற்றி, இஞ்சியையும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியையும் 20 விநாடி வதக்கி, பிழிந்த ஜாசாயைப் போடுங்கள். தீ நன்றாக எரியட்டும். முதலில் ஆவி வரும், சலசலவென்று சத்தம் கேட்கும். ஒரு நிமிடத்தில் ஆவி அடங்கி, சத்தம் படபடவென்று மாறி, ஓரங்கள் காய்ந்தாற்போல ஆகும். அப்போதுதான் ஊறுகாயின் பச்சை வாடை போய் வறுத்த மணம் எழும். இந்த நேரத்தில் சர்க்கரை அரை டீஸ்பூன். பை ஜாசாய் என்றால் கால் டீஸ்பூன் போதும். இனிப்பு தெரியக்கூடாது, உப்பின் முனை மழுங்க வேண்டும்.

4. கறியைத் திரும்பப் போட்டு, வாணலியின் ஓரமாக 1 டீஸ்பூன் ஒயின் ஊற்றுங்கள். சூடான ஓரத்தில் பட்டு ஆவியாகும்போதுதான் மணம் வரும், கறியின் மேல் ஊற்றினால் வராது. அடுத்து 3 டேபிள்ஸ்பூன் சூப். அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கலந்து 30 விநாடியில் இறக்கவும். இளஞ்சிவப்பு எங்கும் மிஞ்சியிருக்கக்கூடாது. பன்றிக்கறியில் நாடாப்புழு அபாயம் உண்டு, இதில் சமரசம் வேண்டாம். கலவை கொஞ்சம் சாறோடு இருக்கட்டும், அந்தச் சாறுதான் கிண்ணத்தில் இறங்கிச் சூப்புக்கு ருசி தரும்.

இப்போது கலவையிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். தனியாகச் சாப்பிட உப்புக் கொஞ்சம் அதிகம் என்று தோன்றினால் சரியான அளவு. மிகவும் கரித்தால் கிண்ணத்தில் ஊற்றப்போகும் சோயா சாஸைக் குறைத்துவிடுங்கள். சூப்பை ருசி பார்த்துத் திருத்துவதை விட இங்கே திருத்துவது எளிது.

5. இரண்டு கிண்ணங்களிலும் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிச் சூடேற்றிக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொன்றிலும் லைட் சோயா சாஸ் 1 டீஸ்பூன், பன்றிக் கொழுப்பு அரை டீஸ்பூன், வெள்ளை மிளகுத் தூள் ஒரு சிட்டிகை, எள்ளெண்ணெய் சில துளி. கொழுப்பு இல்லையென்றால் கொஞ்சம் எண்ணெயில் வெங்காயத்தாளைப் பொரித்து அந்த எண்ணெயை விடலாம். இந்த அரை டீஸ்பூனைத் தவிர்த்துவிட்டால் சூப் என்னதான் நன்றாக இருந்தாலும் தட்டையாகத் தெரியும்.

6. கடைசியில்தான் நூடுல்ஸ். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, ஃப்ரெஷ் நூடுல்ஸை மாவு போக உதறிப் பிரித்துப் போட்டு ஒருமுறை கிளறுங்கள். நுரைத்துப் பொங்கி வரும்போது அரைக் கப் குளிர்ந்த தண்ணீர். மறுபடி பொங்கினால் மறுபடி அரைக் கப். மெல்லிய நூடுல்ஸ் இரண்டாவது பொங்கலில் தயார், கையால் அரிந்தது மூன்றாவதில். குளிர்ந்த நீர் கொதியைத் தணிப்பதால் மேல்புறம் கரைவதற்குள் உள்புறம் வெந்துவிடும். காய்ந்த நூடுல்ஸ் என்றால் பாக்கெட்டில் போட்ட நேரத்தில் அரை நிமிடம் குறையுங்கள். ஓர் இழையைக் கடித்தால் நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும், அதுதான் எடுக்கும் நேரம். மீதி வேக்காடு சூப்பில் நடக்கும். இறக்குவதற்கு அரை நிமிடம் முன்பு கீரையையும் அதே தண்ணீரில் போட்டுவிடலாம்.

7. கொதிக்கும் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி, நூடுல்ஸை நன்றாக வடித்து மடித்துப் போட்டு, கீரையை ஒருபக்கம் வைத்து, மேலே கறியும் ஜாசாயும் சாறோடு. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் பொடியாக அரிந்து தூவுங்கள்.

வறுத்த நூடுல்ஸுக்குச் செய்வதுபோல வெந்ததைப் பச்சைத்தண்ணீரில் அலசி எண்ணெய் பிசிறி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இங்கே அது கூடாது. எண்ணெய் பூசிய நூடுல்ஸில் சூப் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும், குளிர்ந்த நூடுல்ஸ் சூப்பின் சூட்டையும் இறக்கிவிடும். சாப்பிடுகிறவர் மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகே நூடுல்ஸைப் போடுங்கள். ஐந்து நிமிடம் சூப்பில் காத்திருந்த மெல்லிய நூடுல்ஸ் ஊதிப் பாதிச் சூப்பைக் குடித்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகும் கரிக்கிறதா? உருளைக்கிழங்கைப் போடலாம் என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். கிண்ணத்தில் பாதிச் சூப்பை எடுத்துவிட்டு நூடுல்ஸ் வெந்த தண்ணீரோ வெந்நீரோ ஊற்றுங்கள். நூடுல்ஸ் வெந்த தண்ணீர் சற்றுக் குழைவாக இருக்கும், ஆனாலும் உப்பில்லாதது. மாறாகச் சப்பென்று இருந்தால் உப்பைப் போடாமல் வாணலியில் இருக்கும் கறி, ஜாசாய்க் கலவையின் சாற்றையே இன்னும் ஒரு கரண்டி விடுங்கள்.

ஜாசாய்க்குப் பதிலாக

ஷாங்காய்ப் பக்கத்தில் இதே கிண்ணத்தை ஷுயேசாய் என்னும் உப்புக்கீரையிலும் செய்வார்கள். கடுகுக்கீரையைத் தண்டோடு உப்பிட்டுப் புளிக்கவைத்தது அது. இரண்டுமுறை அலசி இறுகப் பிழிந்து, 1 செ.மீ. துண்டுகளாக அரிந்து, 100 கிராம் எடுங்கள். சர்க்கரை முக்கால் டீஸ்பூன் வரை தாங்கும். மூங்கில் குருத்தை மெல்லிசாக அரிந்து ஒரு கைப்பிடி சேர்த்தால் பொருத்தம். மற்றதெல்லாம் மேலே சொன்னபடியே. ஜாசாயை விட இதற்கு மணம் மென்மை, ஆகவே மிளகுத்தூள் அளவாக.

கடுகுக்கீரை கிடைத்தால் வீட்டிலேயே போடலாம். 1 கிலோ கீரையைக் கழுவி, நிழலில் அரை நாள் துவளவிட்டு, 50 கிராம் உப்பைத் தூவிச் சாறு விடும்வரை பிசைந்து, கண்ணாடி ஜாடியில் அழுத்தி, கீரை சாற்றுக்குள் மூழ்கும்படி மேலே பாரம் வையுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும். உப்பிட்ட முதல் சில நாள்களில் கீரையில் நைட்ரைட் கூடி, பிறகு புளிப்பு ஏற ஏறக் குறையும். ஆகவே 20 நாள் கழிந்த பிறகே எடுப்பது சீன வீடுகளில் வழக்கம். மேலே பூஞ்சை படர்ந்தால் ஜாடியோடு தூக்கி எறியுங்கள்.

தமிழ்நாட்டில் கடுகுக்கீரையை விட நூல்கோல் எளிதாகக் கிடைக்கும். ஜாசாயின் புளித்த மணம் இதில் வராது, கடிக்கும்போது வரும் நறுக் மட்டும் ஓரளவு வரும். 500 கிராம் நூல்கோலைத் தோல் தடிமனாகச் சீவி, தீக்குச்சிக் கனத்தில் அரிந்து, 20 கிராம் உப்புப் பிசிறி 2 மணி நேரம் விடுங்கள். துணியில் கட்டிக் கை வலிக்கும்வரை பிழிந்து, அரை நாள் வெயிலில் வாடவிட்டு, மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், வினிகர் 1 டீஸ்பூன் கலந்து ஃப்ரிட்ஜில் இரண்டு நாள். சமைக்கும்போது அலசத் தேவையில்லை, ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள். மாங்காய், எலுமிச்சை ஊறுகாயை எடுத்துப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வெந்தயமும் பெருங்காயமும் சூப்பில் கலந்தால் அது ரசத்துக்கும் ஆகாது, நூடுல்ஸுக்கும் ஆகாது.

பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் தோலுரித்த கோழித் தொடைக்கறியை இதே முறையில் அரிந்து பிசிறிச் செய்யலாம், சூப்பும் கோழி எலும்பில். நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும்.

மிஞ்சினால்

கறியும் ஜாசாயும் கலந்த கலவை மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். இரட்டிப்பாகச் செய்து வைத்துக்கொண்டால் மறுநாள் வேலை பத்து நிமிடம்தான். சூடாக்கும்போது வாணலியில் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சூடாக்குங்கள், மைக்ரோவேவில் கறி விறைத்துவிடும். சோற்றுக்கும் கஞ்சிக்கும் தொட்டுக்கொள்ளவும் இது நன்றாக இருக்கும். பிரித்த ஜாசாய்ப் பையை அப்படியே மடித்து வைக்காமல் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் ஒரு வாரம் வரும். சூப்பில் போட்ட நூடுல்ஸை மட்டும் எடுத்து வைக்காதீர்கள், அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டியது.